கஞ்சமலைக் காந்தமும் இர்விங்கின் ஏற்கப்படாத ஆய்வேடும்: ஒரு விஞ்ஞானியின் தாக்கத்தை எதை வைத்து அளப்பது?

இளம்பிள்ளை_இயற்பியல் | ஞாயிறு, காலை 9.40

எங்கள் கல்லூரியில் இப்போது பதவி உயர்வு விண்ணப்பம் நிரப்பும் காலம். ஆளாளுக்கு கூகுள் ஸ்காலரைத் திறந்து வைத்துக்கொண்டு யாருக்கு எச்-இன்டெக்ஸ் (கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களை வைத்துப் போடும் எண்) எவ்வளவு என்று பேசுவதுதான் ஓய்வறையில் ஒரே பேச்சு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால் இங்கே ஒரு கேள்வி போடலாம் என்று வந்தேன்.

எட்வர்ட் இர்விங் என்று ஒரு புவி இயற்பியலாளர். கூட இருந்தவர்களுக்கு டெட். 1927-இல் இங்கிலாந்தின் கோல்ன் என்ற ஊரில் பிறந்து, 2014-இல் கனடாவில் காலமானார். பாறை உருவான காலத்தில் அதற்குள் பதிந்துவிட்ட காந்தத்தை அளந்து, அப்போது அந்தப் பாறை எந்த அட்சரேகையில் இருந்தது என்று சொல்லும் வேலையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். ஸ்காட்லாந்தின் டோரிடோனியன் செம்மணற்கல்லை அளந்து, 1954-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுத்தார். ஏற்கவில்லை. பட்டம் இல்லாமலே ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்.

இந்தியா தெற்கு அரைக்கோளத்திலிருந்து வடக்கே நகர்ந்து வந்தது என்பதற்கான காந்தச் சான்று அந்த மாணவப் பருவத்திலேயே அவர் கையில் இருந்தது. தக்காணத்து எரிமலைப் பாறைகளை இங்கிருந்து வரவழைத்து அளந்திருந்தார். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னால் சிரித்த காலம் அது. 1965-இல் அதே கேம்பிரிட்ஜ் அவருக்கு எஸ்சி.டி. என்ற உயர் பட்டம் கொடுத்தது. 1979-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 2005-இல் லண்டன் புவியியல் கழகத்தின் வோலஸ்டன் பதக்கம்.

1954-இல் அவரை நம் படிவத்தில் நிரப்பச் சொன்னால் எத்தனை மதிப்பெண் வந்திருக்கும்? பாறைக்காந்தவியலில் தாக்கம் என்று எதைச் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். பாறை என்றாலே நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கும்.

---

செங்கோட்டு_ரிக் | ஞாயிறு, காலை 10.25

வணக்கமுங்க சார். இன்டெக்ஸ் எல்லாம் நமக்கு எட்டாது. ஆனால் பாறையைத் துளைத்துத்தான் எங்கள் குடும்பம் சோறு தின்கிறது, அதனால் ஒரு சந்தேகம்.

சேலத்துப் பக்கம் கஞ்சமலை சித்தர் கோயிலைத் தாண்டி உள்ளே ஒரு தோட்டத்தில் போர் போடப் போயிருந்தோம். வாஸ்துக்காரர் போனில் திசை பார்த்தார். கிணற்று மேட்டில் நின்றால் ஒரு பக்கம் வடக்கு, நாலு எட்டு தள்ளி நின்றால் வேறு பக்கம் வடக்கு. மனுசன் குழம்பிப்போய் "பூமியில் ஏதோ இருக்கிறது" என்று சொல்லிவிட்டார். எங்கள் பையன் ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் கவரில் சுற்றி ஓடை மணலில் உருட்டினான். முள்ளம்பன்றி மாதிரி கருமணல் அப்பிக்கொண்டது. கவரை உருவினால் மணல் அப்படியே கீழே கொட்டுகிறது.

அவ்வளவு காந்தம் இருக்கிற மலையை விட்டுவிட்டு, இந்த வெள்ளைக்காரர் எதற்கு ஸ்காட்லாந்து மணற்கல்லையும் பம்பாய்ப் பக்கத்துக் கல்லையும் அளந்தார்?

---

கோபி_பொண்ணு | ஞாயிறு, பகல் 12.05

ரிக் அண்ணா, நல்ல கேள்வி. நான் இந்தத் துறையில்தான் ஆய்வு செய்கிறேன் (சொந்த ஊர் கோபி, இருப்பது வெளியூர்). கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கஞ்சமலையில் இருப்பது மேக்னடைட் குவார்ட்சைட். வெள்ளைக் குவார்ட்ஸும், மேக்னடைட் என்ற கருப்புக் காந்த இரும்புத் தாதுவும் வரிவரியாக அடுக்கியிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்காலை வைத்தபோது சேலத்துத் தாதுவை நம்பித்தான் வைத்தார். திசைகாட்டி அங்கே கெடுவது இயல்பு. அந்த மாதிரி இடங்களில் நாங்கள் சூரியனின் நிழலை வைத்துத்தான் திசை எடுப்போம்.

ஆனால் ஊசியை இழுக்கும் பலம் வேறு, பழைய திசையை நினைவில் வைத்திருக்கும் திறன் வேறு. மேக்னடைட் சுமார் 580 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் காந்த ஒழுங்கு மொத்தமாகக் கலைந்துவிடும். ஆறும்போது அந்த நேரத்துப் புவிக்காந்தத் திசை புதிதாகப் பதியும். நம் கொங்குப் பாறைகளில் பெரும்பாலானவை பூமியின் ஆழத்தில் அதற்கும் மேலே வெந்து வந்தவை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு தடவை. அதற்குப் பிறகு சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், தெற்குக் கண்டங்கள் கோண்டுவானா என்ற ஒரே கண்டமாக ஒட்டிக்கொண்ட காலத்தில், இந்த வட்டாரத்தின் பல பகுதிகள் மறுபடியும் சூடேறின. கஞ்சமலைத் தாது முதன்முதலில் படிந்த காலத்துத் திசை அதற்குள் தப்பிப் பிழைத்திருக்க வாய்ப்பில்லை.

இரண்டாவது, துகளின் அளவு. கண்ணுக்குத் தெரிகிற பெரிய மேக்னடைட் துகளுக்குள் பல காந்தப் பகுதிகள் எதிரும் புதிருமாக இருக்கும். அவற்றின் எல்லைகள் சுலபமாக நகர்ந்துவிடும். இன்று ஒரு காந்தத்தைக் காட்டினால் இன்றைய திசைக்குத் திரும்பிக்கொள்ளும். பழைய திசையை விடாமல் பிடித்திருப்பது மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் சின்னதான துகள்தான்.

மூன்றாவது, இடி. மலையுச்சிப் பாறையில் மின்னல் இறங்கினால் அந்தப் பெரும் மின்னோட்டம் தன் காந்தத்தைப் பதித்துவிட்டுப் போய்விடும். உச்சியில் மாதிரி எடுத்து ஏமாந்தவர்கள் எங்கள் துறையில் ஏராளம்.

இர்விங் எடுத்த டோரிடோனியன் மணற்கல்லில் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்சைடுதான் சிவப்பு நிறத்துக்குக் காரணம். ஊசியை ஒரு இம்மி அசைக்காது. அளப்பதற்கே தனிக் கருவி வேண்டும். ஆனால் கிட்டத்தட்ட நூறு கோடி ஆண்டுகள் பழைய திசையை வைத்திருந்தது.

---

பீளமேடு_மோட்டார் | ஞாயிறு, பிற்பகல் 3.10

அம்மிணி சொல்வது எனக்குப் புரிகிறது, ஏனென்றால் இது எங்கள் தொழில்தான். பம்ப் மோட்டாருக்கு ஸ்டாம்பிங் (உள்ளே அடுக்கும் இரும்புத் தகடு) வாங்கும்போது நாங்கள் பார்ப்பதே, காந்தமாகி உடனே விட்டுவிடுகிற தகடா என்பதைத்தான். விடாமல் பிடித்துக்கொண்டால் ஒவ்வொரு சுழற்சிக்கும் சூடு, கரன்ட் தண்டம். இதே ஸ்பீக்கரில் இருக்கிற ஃபெர்ரைட்டுக்கு எதிர்க் கணக்கு. அது பிடித்தால் விடவே கூடாது. இரண்டையும் ஹிஸ்டெரிசிஸ் வளைவு (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தம் எப்படி மாறுகிறது என்ற படம்) போட்டுப் பார்த்தால் ஒன்று ஒல்லி, ஒன்று குண்டு.

எனக்கு இடிப்பது காலக் கணக்கு. நாங்கள் விற்கும் காந்தத்துக்கு பத்து வருடம் கேரண்டி கேட்டாலே யோசிப்போம். நூறு கோடி ஆண்டு தாங்கியது என்று ஒரு பாறையைப் பார்த்து எப்படிச் சொல்கிறீர்கள்? யார் உட்கார்ந்து பார்த்தார்கள்?

---

கோபி_பொண்ணு | ஞாயிறு, மாலை 5.45

அண்ணா, இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் லூயி நீல். பிரெஞ்சுக்காரர், 1970 நோபல். நீங்கள் சொன்ன ஃபெர்ரைட் ஏன் காந்தமாக இருக்கிறது என்று 1948-இல் விளக்கியவரும் அவரேதான்.

1949-இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். சின்னத் துகள்களின் காந்தம் காலப்போக்கில் எப்படித் தளரும் என்பதுதான் விஷயம். தலைப்பிலேயே சுட்ட மண்ணுக்கு இதைப் பொருத்திக் காட்டுகிறேன் என்கிறார். காந்தம் தானாகத் திரும்பிவிட எவ்வளவு காலம் ஆகும் என்பது துகளின் கன அளவையும் வெப்பநிலையையும் பொறுத்தது. சாதாரண விகிதத்தில் கூடிக் குறைவதில்லை, அடுக்குக்குறி வேகத்தில் மாறுகிறது. அதனால் ஒரே துகள் 550 டிகிரிக்குப் பக்கத்தில் சில நிமிடங்களில் திரும்பிவிடும், அறை வெப்பத்தில் பூமியின் வயதையும் தாண்டித் தாங்கும். துகள் கொஞ்சம் சின்னதாகி, மேக்னடைட்டில் சுமார் 30 நானோமீட்டருக்குக் கீழே போனால், அறை வெப்பத்திலேயே எதையும் பிடித்து வைக்காது.

யாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. ஆய்வகத்தில் படிப்படியாகச் சூடாக்கி எந்த வெப்பநிலையில் எவ்வளவு காந்தம் கழன்று விழுகிறது என்று பார்த்தால், அதே துகள் அறை வெப்பத்தில் எவ்வளவு காலம் தாங்கும் என்று கணக்குப் போட்டுவிடலாம்.

இளம்பிள்ளை சார் கேட்ட தாக்கத்துக்கு என் பதிலும் இதுதான். எங்கள் ஆய்வகத்தில் அடுப்பை 100, 200, 300 என்று ஏற்றுகிற ஒவ்வொரு முறையும் நீலைத்தான் நம்புகிறோம். கட்டுரையில் அவர் பெயரைப் போடுவது மிகக் குறைவு. பாடப்புத்தகம் ஆகிவிட்டவரை யார் மேற்கோள் காட்டுகிறார்கள்?

---

சந்தேகசாமி | ஞாயிறு, இரவு 9.20

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேற்கோள் கணக்கு எடுத்துக் கொடுப்பதே என் பிழைப்பாக இருந்தது. அதனால் எண்களைத் திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

முதலில், இர்விங் தனி ஆள் இல்லை. கேம்பிரிட்ஜில் கீத் ரன்கார்ன் குழு. ஐஸ்லாந்து லாவாவை அளந்த ஹாஸ்பர்ஸ், பிரிட்டன் பாறைகளை அளந்த கென் கிரியர், எல்லோரும் அதில்தான். கருவி மான்செஸ்டரின் பிளாக்கெட்டுடையது. அந்தக் கருவியின் கதையே வேடிக்கை. சுழலும் எந்தப் பொருளும் காந்தமாகும் என்று பிளாக்கெட் ஒரு கருத்து வைத்திருந்தார். அதைச் சோதிக்கத் தங்கத்தில் ஓர் உருளை இரவல் வாங்கி வைத்துக்கொண்டார். சுமார் 15 கிலோ. நம் கணக்கில் 1,900 பவுன் பக்கம். கருத்து பொய் என்று தெரிந்ததும் 1952-இல் அதை அப்படியே எழுதி வெளியிட்டார். தங்கம் திரும்பிப் போனது, அவ்வளவு நுண்மையாகக் காந்தத்தை அளக்கும் மேக்னட்டோமீட்டர் மிஞ்சியது. பாறைக்காரர்களுக்கு அடித்தது யோகம்.

இரண்டாவது, இந்தியா நகர்ந்ததை அச்சில் விரிவாகக் காட்டியதில் பிளாக்கெட் ஆட்களுக்கும் பங்கு உண்டு. கிளெக், டாய்ட்ஷ், கிரிஃபித்ஸ் மூவரும் இந்தியப் பாறைகளைப் பற்றி எழுதியது 1956. இர்விங்கின் கட்டுரையும் 1956. மாணவனாக இருந்தபோதே கையில் இருந்தது என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அச்சேறாததை உலகம் எப்படிக் கணக்கில் எடுக்கும்?

மூன்றாவது, ஆய்வேடு ஏற்கப்படாததை ஒரு தியாகக் கதை ஆக்காதீர்கள். அந்தத் துறையே அப்போதுதான் முளைத்திருந்தது. அதைப் படித்துத் தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர்களே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் இருந்தார்கள்.

---

இளம்பிள்ளை_இயற்பியல் | திங்கள், காலை 7.30

சாமி ஐயா சொன்னதில் முதல் இரண்டும் சரி. மூன்றாவதில்தான் என் வாதமே இருக்கிறது. படித்துத் தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர்கள் இல்லாத இடத்தில் எண்ணும் பேசாது, தேர்வாளரும் பேசமாட்டார்.

தக்காணப் பாறை எப்படி அவரிடம் போனது என்பதைச் சொல்கிறேன். புள்ளியியலின் பெரிய ஆள் ரொனால்ட் ஃபிஷர் அப்போது கேம்பிரிட்ஜில்தான் இருந்தார். நம் நாட்டுப் புள்ளியியலாளர் மகலனோபிஸுடன் நெருக்கம், கல்கத்தாவுக்கு வந்து போகிறவர். இந்தியப் பாறை கிடைக்க அவர் உதவினார். இந்தியப் புவியியல் அளவைத் துறை திசை குறித்த மாதிரிகளை அனுப்பிவைத்தது. அதே ஃபிஷர்தான், ஒரு கோளத்தின் மேல் சிதறிக் கிடக்கும் திசைகளுக்குச் சராசரியும் பிழை வட்டமும் கணக்கிடும் முறையை 1953-இல் வெளியிட்டார். ஹாஸ்பர்ஸின் ஐஸ்லாந்து லாவா அளவுகளை அதில் உதாரணமாக எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் தொல்காந்தக் கட்டுரை எதை எடுத்தாலும் ஃபிஷர் சராசரி இல்லாமல் இருக்காது. பரம்பரையியல் பேராசிரியர் ஒருவர் பக்கத்து அறைப் பையன்களுக்காகப் போட்டுக் கொடுத்த கணக்கு.

கணக்கின் சாரம் எளிது. காந்த ஊசி கிடைமட்டத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்கிறது என்பது அட்சரேகையைப் பொறுத்தது. சாய்வின் டேன், அட்சரேகையின் டேனைப் போல இரண்டு மடங்கு. தக்காண லாவா வெளிவந்தபோது, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்த நிலம் தெற்கே 30 டிகிரி பக்கம் இருந்தது என்று வைத்துக்கொண்டால் சாய்வு 49 டிகிரி வர வேண்டும். பாறையில் அந்த அளவுக்கான சாய்வுதான் இருந்தது. இன்றைக்குப் பம்பாய் இருக்கும் இடத்தில் அப்படி ஒரு சாய்வு, அதுவும் தென் அரைக்கோளத்துக்கு உரிய போக்கில், வர வழியே இல்லை.

ரன்கார்னே அப்போது கண்டம் நகர்வதை நம்பவில்லை. துருவம்தான் நகர்ந்தது, கண்டம் இருந்த இடத்திலேயே இருந்தது என்றார். 1956 வாக்கில்தான் மாறினார். ஒரு கண்டத்தின் பாறைகளை மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டில் எது நகர்ந்தது என்று சொல்ல முடியாது. இன்னொரு கண்டத்தின் பாறைகள் வேறு துருவப் பாதையைக் காட்டினால்தான் குட்டு உடையும். இர்விங் கண்டங்களின் துருவங்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். 1956 கட்டுரையின் வலுவே அதுதான். கூடவே பழைய தட்பவெப்பச் சான்றையும் சேர்த்துக்கொண்டார். எங்கே பவளப் பாறை, எங்கே பனி அரித்த தடம் என்று பார்த்து, காந்தம் சொல்லும் அட்சரேகையோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்தார்.

---

பீளமேடு_மோட்டார் | திங்கள், காலை 10.50

சார், அந்த இரண்டு மடங்கு கணக்கை கோயமுத்தூருக்குப் போட்டுப் பார்த்தேன். 11 டிகிரி அட்சரேகைக்குச் சாய்வு 21 வருகிறது. என் பழைய பட்டறையில் ஒரு ஆய்வகத்துச் சாய்வு ஊசி கிடக்கிறது. அது 10 டிகிரிகூடச் சாயவில்லை. பாதிக்கும் கீழே. ஊசி கோளாறா, கணக்கு கோளாறா?

---

கோபி_பொண்ணு | திங்கள், பிற்பகல் 1.15

இரண்டிலும் கோளாறு இல்லை அண்ணா. அந்தக் கணக்கு, காந்த அச்சு சரியாகப் பூமியின் சுழல் அச்சோடு ஒன்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறது. இன்றைய நிலை அப்படி இல்லை. காந்த நடுக்கோடு நம் பக்கத்தில் நிலநடுக்கோட்டை விட்டு வடக்கே ஏறி, இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கே அதுதான் காரணம். கோவை அந்தக் கோட்டுக்குப் பக்கம், அதனால் ஊசி கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கிறது.

ஆனால் காந்தத் துருவம் ஒரே இடத்தில் நிற்பதில்லை, சுற்றி அலைகிறது. சில ஆயிரம் ஆண்டுகளைச் சராசரி எடுத்தால் சுழல் அச்சோடு ஒன்றிவிடும். ஒரே ஒரு லாவாப் பாய்ச்சலை அளந்து அட்சரேகை சொன்னால் உங்கள் சாய்வு ஊசி மாதிரி பாதிக்குப் பாதி தப்பாக வரலாம். அதனால்தான் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பாய்ச்சல்களிலிருந்து எடுப்போம்.

---

சந்தேகசாமி | திங்கள், மாலை 6.40

சரி, எண்கள் ஏமாற்றும் என்று சொல்ல உங்களுக்கு இர்விங்கை விட நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. உங்கள் பக்கத்து வாதத்தை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

1977-இல் டே, ஃபுல்லர், ஷ்மிட் என்ற மூவர் ஆய்வகத்தில் செய்த டைட்டனோமேக்னடைட் (டைட்டானியம் கலந்த மேக்னடைட்) துகள்களை அளந்து ஒரு வரைபடம் போட்டார்கள். ஒரு பக்கம், நிறைவுக் காந்தத்தில் எத்தனை பங்கு மிச்சம் நிற்கிறது என்ற விகிதம். மறு பக்கம், அந்தக் காந்தத்தை அழிக்க வேண்டிய எதிர்ப்புலங்கள் இரண்டின் விகிதம். பாறைத்தூளை ஹிஸ்டெரிசிஸ் கருவியில் வைத்து ஒரு புள்ளி போட்டால் போதும், துகள் சின்னதா பெரியதா என்று தெரிந்துவிடும் என்றார்கள். 'டே வரைபடம்' என்றே பெயர் நின்றுவிட்டது. பாறைக்காந்தக் கட்டுரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அதைக் காட்டுகின்றன. என் காலத்தில் இந்தத் துறை மாணவர் யார் வந்தாலும் அந்தக் கட்டுரையைத்தான் முதலில் கேட்பார்.

2018-இல் ஆண்ட்ரூ ராபர்ட்ஸும் மற்றவர்களும் அதை உரித்து வைத்துவிட்டார்கள். துகளின் அளவு மட்டும் அந்தப் புள்ளியைத் தீர்மானிப்பதில்லை. துகளின் வடிவம், கலவை, உள்ளழுத்தம், பக்கத்துத் துகளின் பாதிப்பு, வெவ்வேறு தாதுக்கள் கலந்திருப்பது எல்லாமே அதை நகர்த்தும். இயற்கைப் பாறைகளில் பெரும்பாலானவை, சின்னத் துகளுக்கும் பெரிய துகளுக்கும் இடைப்பட்ட நடுக்கட்டத்தில் போய் விழும். அந்தக் கட்டத்தில் விழுந்தால் உண்மையில் ஒன்றும் சொல்ல முடியாது. நாற்பது ஆண்டுகள் அதில் புள்ளி வைத்திருக்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள். டே கட்டுரைக்குத் தாக்கம் உண்டா இல்லையா? என் கணக்கில் உண்டு. தப்பாகப் பயன்படுத்தப்பட்டதும் தாக்கம்தான். மதிப்பு என்பது வேறு கணக்கு, அதை நூலகம் எடுத்துத் தராது.

---

கோபி_பொண்ணு | திங்கள், இரவு 8.55

ஐயா, டே மேல் முழுப் பழியும் போடாதீர்கள். அவர்கள் அளந்தது செயற்கைத் துகள், அதற்கு அது பொருந்தியது. சுலபமாகக் கிடைத்த படத்தை எல்லாப் பாறைக்கும் நீட்டியது பின்னால் வந்தவர்கள். என் முதல் கருத்தரங்கில் அந்த வரைபடம் போடாமல் போனதற்கே ஒரு பெரியவர் சத்தம் போட்டார். யார், எங்கே என்பது வேண்டாம்.

இதே இடத்தில் நம் நாட்டுக்காரர்களைச் சொல்லியாக வேண்டும். பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1950களிலேயே ஒரு பாறைக்காந்தக் குழு இருந்தது. சி. ராதாகிருஷ்ணமூர்த்தி, பி. டபிள்யூ. சஹஸ்ரபுதே, எஸ். டி. லிக்கித்தே. வெளிநாட்டுக் கருவிக்குக் காத்திருக்காமல், மாறுமின்னோட்ட மின்காந்தம் வைத்துப் பாறைக்கு ஹிஸ்டெரிசிஸ் வளைவு வரையும் கருவியைத் தாங்களே செய்து, 1965-இல் அதைக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். பாறையைத் திரவ நைட்ரஜன் அளவுக்குக் குளிரவைத்து, காந்த ஏற்புத்திறன் (எவ்வளவு சுலபமாகக் காந்தமாகிறது என்பது) எப்படி மாறுகிறது என்று பார்த்தே துகளின் நிலையைப் பிரித்தார்கள். ஒரே புள்ளியை நம்பாமல் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்ப்பது அவர்கள் வழி. டே வரைபடத்தைக் குறை சொல்கிறவர்கள் இன்று கேட்பதும் அதைத்தானே? ஆனால் அவர்கள் பெயரை வெளிநாட்டுக் கட்டுரைகளில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

---

பீளமேடு_மோட்டார் | திங்கள், இரவு 9.30

லூப் டிரேசரை, அதுதான் அந்த வளைவு வரையும் கருவியை, சொந்தமாகச் செய்தார்களா! அதுதான் சரியான ஆள். நாங்களும் ஸ்டாம்பிங் சோதிக்க ஒரு கோர், இரண்டு சுற்று, ஒரு அலைக்காட்டி வைத்து வளைவு பார்ப்போம். ஆனால் அது முழு இரும்பு. பாறையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மேக்னடைட்தான் இருக்கும். அந்தச் சத்தமே இல்லாத சிக்னலை 1965-இல் பிடித்தார்கள் என்றால், காயில் சுற்றியவருக்கு ஒரு கும்பிடு.

---

நொய்யல்கரை | செவ்வாய், காலை 8.10

ஒரு ஓரக் கேள்வி. நீல் சுட்ட மண்ணைப் பற்றி எழுதினார் என்று கோபிக்காரர் சொன்னதும் கொடுமணல் ஞாபகம் வந்துவிட்டது. நொய்யல் கரையில் இரும்பு உருக்கிய உலை அடி, சுட்ட களிமண் எல்லாம் அகழ்வில் கிடைத்திருக்கின்றன. அவற்றிலும் அந்தக் காலத்துத் திசை பதிந்திருக்கும்தானே? காலம் சொல்ல முடியுமா?

---

கோபி_பொண்ணு | செவ்வாய், காலை 9.00

பதிந்திருக்கும் அக்கா. எமில் தெலியர் என்ற பிரெஞ்சுக்காரர் செங்கல், சூளை என்று வாழ்நாள் முழுக்க இதையேதான் செய்தார். மனைவி ஓடெட்டுடன் 1959-இல் எழுதிய கட்டுரையில், பழைய புவிக்காந்தத்தின் திசையை மட்டுமல்லாமல் பலத்தையும் மீட்டெடுக்கும் முறையைக் கொடுத்தார். படிப்படியாகச் சூடாக்கிப் பழைய காந்தத்தை இழக்கச் செய்வது, தெரிந்த பலமுள்ள புலத்தில் அதே அளவு சூடாக்கிப் புதிதாக ஏற்றுவது, இரண்டையும் ஒப்பிடுவது. இன்று வரை அடிப்படை அதுதான்.

ஆனால் திசை வேண்டும் என்றால் உலை அடி அசையாமல் இருக்க வேண்டும். தோண்டி எடுத்துப் பெட்டியில் போட்ட பிறகு என்னைக் கூப்பிட்டால் பிரயோசனம் இல்லை. உடைந்த ஓட்டிலிருந்து பலம் மட்டும்தான் கிடைக்கும். ஆண்டு சொல்ல வேண்டும் என்றால், இந்த வட்டாரத்தில் காந்தம் காலத்துக்குக் காலம் எப்படி மாறியது என்ற ஒப்பீட்டு வளைவும் நெருக்கமாக இருக்க வேண்டும்.

---

செங்கோட்டு_ரிக் | செவ்வாய், பகல் 12.20

எல்லாம் சரிங்க. இத்தனை படித்ததில் எனக்கு ஒரு பைசா பிரயோசனம் உண்டா? எங்கள் பக்கம் கருப்பு டைக் (மற்றப் பாறைக்குள் சுவர் மாதிரி செருகி நிற்கிற கல்) ஓடுகிற இடத்தில் போர் போட்டால், டைக்குக்கு மேல்புறம் தண்ணீர், கீழ்ப்புறம் புகை. பத்தடி வித்தியாசத்தில் ஒருவன் பிழைப்பான், ஒருவன் கடன்காரன். அந்த டைக் மண்ணுக்கடியில் எங்கே போகிறது என்று உங்கள் காந்தம் சொல்லுமா?

---

கோபி_பொண்ணு | செவ்வாய், பிற்பகல் 2.40

சொல்லும் அண்ணா. டோலரைட் டைக்கில் சுற்றியிருக்கிற நைஸ் பாறையை விட மேக்னடைட் அதிகம். மேக்னட்டோமீட்டரைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தைக் குறுக்கே நடந்தால், டைக் மேல் வரும்போது அளவு ஏறும் அல்லது இறங்கும். டைக் தண்ணீர் ஓட்டத்துக்கு அணை போட்ட மாதிரி நிற்பதால்தான் நீங்கள் சொன்ன மேல்புறக் கணக்கு.

நம் ஊரில் ஒரு வம்பு உண்டு. காந்த நடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதால், தெற்கு வடக்காக ஓடும் டைக்கைப் புவிக்காந்தம் அதன் நீளவாக்கிலேயே காந்தமாக்குகிறது. அப்படி ஆனால் மேலே நடப்பவருக்கு ஏறக்குறைய எதுவுமே தெரியாது. கருவி ஒழுங்காக வேலை செய்யும், டைக் இருக்கும், வரைபடத்தில் கோடு தட்டையாக இருக்கும். அப்போது காப்பாற்றுவது டைக்கின் சொந்தப் பழைய காந்தம். அது உறைந்த காலத்துத் திசையில் இருப்பதால் வேறு மாதிரி துருத்திக்கொண்டு தெரியும். பழைய காந்தத்துக்கும் இன்றைய தூண்டல் காந்தத்துக்கும் உள்ள விகிதத்தைக் கோனிக்ஸ்பெர்கர் விகிதம் என்பார்கள். அதை அளக்காமல் காந்த வரைபடத்தை மட்டும் பார்த்து "இங்கே டைக் இல்லை" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். அகளி முதல் கோவை வரை ஓடும் டைக்குகளின் பழைய காந்தத்தை ஏற்கெனவே அளந்து ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன.

---

சந்தேகசாமி | செவ்வாய், மாலை 4.00

அந்தக் கட்டுரைகளுக்கு எத்தனை மேற்கோள் என்று பார்க்கட்டுமா?

---

இளம்பிள்ளை_இயற்பியல் | செவ்வாய், மாலை 4.25

பார்க்க வேண்டாம் ஐயா, ரிக் தம்பி எத்தனை போரில் தண்ணீர் எடுத்தார் என்று எண்ணுவோம்.

சாமி ஐயாவுக்காக ஒன்று. 1963-இல் கடலடிப் பாறைகளில் வரிவரியாகத் தெரியும் காந்தத்துக்கு விளக்கம் எழுதி, கனடாவின் லாரன்ஸ் மோர்லி இரண்டு இதழ்களுக்கு அனுப்பினார். முதலில் 'நேச்சர்', அப்புறம் ஓர் அமெரிக்கப் புவி இயற்பியல் இதழ். இரண்டும் திருப்பி அனுப்பிவிட்டன. விருந்தில் பேசிக்கொள்ள வேண்டிய சமாச்சாரம் இது, அச்சுக்கு ஆகாது என்ற பொருளில் ஒரு மதிப்பீட்டாளர் எழுதினாராம். அதே ஆண்டு செப்டம்பரில் வைன், மேத்யூஸ் இருவரின் அதே கருத்து 'நேச்சரிலேயே' வந்தது. நீங்கள் கேட்ட அச்சேறாத கணக்கு இதுதான். மோர்லி பெயரை இன்று பின்னால் ஒட்டிச் சொல்கிறார்கள். ஒட்டியது எந்த இன்டெக்ஸும் இல்லை, நடந்ததை விசாரித்து எழுதிய மனிதர்கள்.

---

சந்தேகசாமி | செவ்வாய், மாலை 5.10

அந்த ஒரு புள்ளியை விட்டுத் தருகிறேன். பதவி உயர்வுப் படிவத்தில் மோர்லிக்கு இடம் இல்லை என்பது மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

---

நெறியாளர் | செவ்வாய், மாலை 6.00

கொடுமணல் பேச்சைத் தொல்லியல் பகுதிக்குத் தனி இழையாக மாற்றியிருக்கிறேன். கஞ்சமலைக் கல் விற்பனைக்கு உண்டா என்று கேட்டவரின் பதிவு நீக்கப்பட்டது. வாஸ்து பற்றி இங்கே வேண்டாம்.

---

செங்கோட்டு_ரிக் | செவ்வாய், இரவு 8.15

அம்மிணி, சங்ககிரிப் பக்கம் எங்கள் மாமன் குவாரியில் ஒரு கருப்பு டைக் நல்லா வெட்டித் திறந்திருக்கிறது. ஊருக்கு வரும்போது மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீரும் ஆளும் நான் தருகிறேன். வெடி வைத்த கல்லா, சும்மா கிடக்கிற கல்லா, எது வேணும்?

---

கோபி_பொண்ணு | செவ்வாய், இரவு 8.50

இரண்டும் வேண்டாம் அண்ணா, அசையாமல் நிற்கிற கல் வேண்டும். குவாரியின் அடிமட்டத்தில், வெடிக்கு நகராத சுவராகப் பாருங்கள். மேல்மட்டம் மின்னல் பட்டிருக்கும். போர்வண்டி பிட் வேண்டாம், நான் கையில் பிடிக்கும் சின்ன டிரில் கொண்டு வருகிறேன். இரண்டரை சென்டிமீட்டர் விட்டம், வைரப் பிட், தண்ணீர் விட்டுக்கொண்டே துளைக்க வேண்டும். துளைத்த கல் உருளையை உடைத்து எடுக்கும் முன்னால் அதன் மேல் திசைக்கோடு கீற வேண்டும். அதற்குப் பித்தளைக் கம்பிதான், இரும்பு ஆணி கூடவே கூடாது. சூரிய நிழல் எடுக்க வேண்டும், அதனால் மேகம் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள். தைக்கு மேல் வருகிறேன்.

---

பீளமேடு_மோட்டார் | செவ்வாய், இரவு 9.05

பித்தளைக் கம்பி நம் பட்டறையில் கிடக்கிறது. எத்தனை எம்எம்?

---

கோபி_பொண்ணு | செவ்வாய், இரவு 9.10

இரண்டு எம்எம் போதும் அண்ணா. நுனியைக் கூராகத் தேய்த்துக் கொடுங்கள்.